ஏழு குரங்குகளும் எட்வின் அடைத்த வாசலும்

"நாலு மணிக்கு செக்போஸ்ட் கேட்டைப் பூட்டிருவாங்க. அதுக்குள்ள திரும்பி இறங்கணும், சீக்கிரம் நடங்கலே!" என்று கத்தியபடி இசக்கி ஊசிப்பாறை மலைப்பாதையில் முதல் அடி வைத்தாள்.

அவள் கையில் வரைபடம். அவளுக்குப் பின்னால் மூங்கில் கம்போடு எட்வின். கடைசியாக, தோளில் பையும் வாயில் ஓயாத பேச்சுமாக நிலோஃபர். மூவரும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரி. சனிக்கிழமை ஆனால் போதும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிப் பூதங்களோடு சண்டை போடுவார்கள். எட்வின் வாள்வீரன். இசக்கி எந்தப் பூட்டையும் திறக்கும் திருடி. நிலோஃபர்தான் கேம் மாஸ்டர். கதை சொல்வதும் அவளே, பூதங்களை ஆட்டிவைப்பதும் அவளே.

படிப்பு முடித்துப் போகும் சீனியர்கள் ஆண்டுதோறும் ஒரு தகரப் பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, வரைபடத்தை மட்டும் ஜூனியர்களிடம் கொடுப்பார்கள். பெட்டி கிடைத்தால் பெருமை. கிடைக்காவிட்டால் வருடம் முழுக்கக் கேலி. போன வருடம் கோட்டைவிட்டவர்கள் இன்னும் கேன்டீன் பக்கம் தலைகாட்டுவதில்லை.

ஏறும்போதே வழக்கமான சண்டை தொடங்கிவிட்டது.

"பூதம்னா சாவுற வரைக்கும் சண்ட போடணும். பாதியில ஓடுனா அதென்ன பூதம்?" என்றான் எட்வின்.

"அதது உசிரு அததுக்கு வெல்லம்லா! ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு தில்லு நம்பர் இருக்கு. கூட்டத்துல மொத ஆள் விழுந்ததும் ரெண்டு டைஸ் உருட்டுவேன். தில்லு நம்பரைத் தாண்டிட்டுன்னா, பயந்து ஓடிரும். பாதிப்பேர் விழுந்தா மறுபடியும் உருட்டுவேன்" என்றாள் நிலோஃபர்.

"எங்களுக்கும் தில்லு நம்பர் உண்டா?"

"கிடையாது. உங்களுக்கு மண்டைக்குள்ள மூளை இருக்குன்னு ரூல் புக்கு எழுதுனவன் நம்பிட்டான்."

"என் வீரன் புறமுதுகு காட்டினதே இல்ல, தெரியும்லா?"

"தெரியும். அதான் மூணு தடவ செத்தான்."

இசக்கி சிரித்துக்கொண்டே திரும்பினாள். "ஏ பிள்ள, பூதத்துக்கு ஓட வழியே இல்லன்னா என்ன செய்யும்?"

"அதுக்குத்தான் நாப்பத்தாறாம் பக்கத்துல ஒரு ரூல்..."

பேச்சை முடிக்கக் குரங்கு விடவில்லை. மரத்திலிருந்து குதித்தது. நிலோஃபர் தோளில் தொங்கிய பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. அதற்குப் பின்னால் இன்னும் ஆறு!

"கடலை மிட்டாய் போச்சே!" என்றான் எட்வின்.

"மிட்டாய் கெடக்கு! இன்ஹேலரு அதுலதாம்ல இருக்கு!" என்று அலறியபடி நிலோஃபர் மேட்டில் ஓடினாள். ஆஸ்துமாக்காரி ஓடவே கூடாது. ஆனால் பை போகிற வேகத்தில் அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

மேட்டின் உச்சியில் பாழடைந்த காப்பித் தோட்டத்து பங்களா. வரைபடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்ததும் அதே இடம்தான். ஏழு குரங்குகளும் உள்ளே புகுந்தன. நிலோஃபர் வாசற்படி வரை வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம். உதடு வெளுத்துப்போயிருந்தது. நிமிடத்துக்கு நூறு வார்த்தை பேசுகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இசக்கி அவளைத் தாங்கிப் பிடித்தாள். கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரமாகும்!

"நான் பாத்துக்கிடுதேன்!" எட்வின் ஒரே பாய்ச்சலில் வாசலை அடைத்து நின்றான்.

மூன்று வருட ஆட்டத்தில் அவன் கற்ற ஒரே போர்த்தந்திரம் அதுதான். வீரன் வாசலில் நின்றால் பூதங்கள் ஒவ்வொன்றாகத்தான் வர முடியும். மேசையில் பத்துக்கு ஒன்பது முறை பலித்த தந்திரம்.

உள்ளே ஒரே கூடம். ஜன்னல்களில் எல்லாம் பலகை அடித்திருந்தார்கள். மூலையில் பை கிடந்தது. அதன்மேல் காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெண்குரங்கு உட்கார்ந்திருந்தது. எட்வின் கம்பைத் தரையில் ஓங்கி அடித்தான். ஒன்றும் ஓடவில்லை! ஏழும் பல்லைக் காட்டின. மறுபடி அடித்தான். ஒரு கடுவன் குரங்கு பாய்ந்து அவன் சட்டையை மார்புப் பக்கம் கிழித்துவிட்டுச் சுவரோரம் ஒண்டியது. அடுத்தது பாயத் தயாரானது.

"என்ன எழவு இது? இவ்வளவு தில்லா?" எட்வினுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் நகரவில்லை. தோழிக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக நின்றான். நல்ல பிள்ளைதான், இடம்தான் தப்பு.

படியில் கிடந்த நிலோஃபர் இசக்கியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாசல..." ஒரு இழுப்பு. "விடச்..." இன்னொரு இழுப்பு. "சொல்லு."

இசக்கிக்குப் பளிச்சென்று புரிந்தது. அந்தக் கூடத்துக்கு வழி ஒன்றுதான். அந்த வழியில்தான் இவர்களுடைய வீரர் வேலி மாதிரி நிற்கிறார்! குரங்குகளுக்குத் தில்லு அதிகமில்லை, ஓடத்தான் இடமில்லை.

பாய்ந்து போய் எட்வினின் காலரைப் பிடித்து இழுத்தாள். "தள்ளுல!"

"நான் விலகுனா அதுங்க வெளிய வந்துரும்லா!"

"வரட்டும்! அதான் வேணும்! கம்பைக் கீழ போடு!"

நிலோஃபரைக் கைத்தாங்கலாக ஓரத்துக்கு நகர்த்தி, மூவரும் பல்லி போல வெளிச்சுவரோடு ஒட்டி நின்றார்கள். மூச்சு விடவில்லை. நிலோஃபரால் விட நினைத்தாலும் முடியாது.

காது கிழிந்த கிழவி முதலில் எட்டிப்பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. சரேலென்று வெளியே ஓடியது. அது போனதும் மற்ற ஆறும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பின்னாலேயே பறந்தன. கடைசிக் குரங்கு மிட்டாய்ப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனது.

இசக்கி உள்ளே ஓடினாள். பையைக் கவிழ்த்தாள். இன்ஹேலர் உருண்டு விழுந்தது. ஒரு முறை அழுத்தி உறிஞ்சினாள் நிலோஃபர். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. மெல்ல மெல்ல விசில் அடங்கியது. எட்வின் அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம் இது: "நாப்பத்தாறாம் பக்கம். தப்பிக்க வழியில்லாத பூதத்துக்கு டைஸ் உருட்டக் கூடாது. அது சாவுற வரைக்கும் சண்ட போடும்."

"சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்லா!"

"மூணு வருஷமா சொல்லுதேன். நீ எங்க கேட்ட?"

எட்வின் கிழிந்த சட்டையோடு எழுந்து போய், வரைபடத்தில் இருந்தபடி கூடத்துச் சுவரோர அடுப்பில் மூன்றாவது செங்கல்லைப் பெயர்த்தான். தகரப் பெட்டி! இசக்கி கொண்டை ஊசியால் அரை நிமிடத்தில் பூட்டைத் திறந்தாள். உள்ளே, பட்டுத் துணியில் சுற்றிய இரண்டு பித்தளைப் பகடைகள். மூவரும் போட்ட கூச்சலில் மலையே அதிர்ந்தது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கேட்டைத் தாண்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை, சீனியர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, பித்தளைப் பகடைகள் மேசைக்கு வந்தன. குகைக்குள் ஆறு பூதங்கள். மூன்று விழுந்துவிட்டன. வாசலில் எட்வினின் வாள்வீரன்.

எட்வின் தன் காயை எடுத்து ஓரமாக வைத்தான். "வாசலை விட்டு விலகுதேன். பாதி விழுந்துட்டு. உருட்டு."

எல்லோரும் கைதட்டினார்கள். நிலோஃபர் உருட்டினாள். ஒன்றும் ஒன்றும், இரண்டு.

"தில்லு நம்பர் எட்டு. விழுந்தது ரெண்டு." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மக்கா, வழி விட்டும் இதுங்க போகாது. நிக்குதுங்க. உன் வீரனுக்கு மிச்சம் மூணே மூணு உசிருப் புள்ளி. என்ன செய்யுத?"

எட்வின் பூதங்களைப் பார்த்தான். திறந்து கிடந்த வாசலைப் பார்த்தான்.

"அந்த வழி எங்களுக்கும் சேத்துதான? ஓடுங்கலே!" என்றான்.

மூன்று வருடத்தில் முதல்முறையாக அவனுடைய வீரன் புறமுதுகு காட்டி, உயிரோடு வீடு திரும்பினான்.