பஞ்சு இன்னும் காயவில்லை

தொட்டியில் தண்ணீர் வடியும் ஜாலியில் மறுபடியும் முடி சிக்கியிருந்தது. முந்தின நாள்தான் அவள் அந்த ஜாலியைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து மாட்டினாள். அதற்குப் பிறகு அங்கே எந்த நாயும் குளிக்கவில்லை. அந்த அறைப் பக்கம் போவதற்கே அவளுக்குக் கால் வரவில்லை. இருந்தும் வெள்ளை வெளேரென்று, சொட்டச் சொட்ட ஈரத்தோடு, ஒரு கொத்து முடி.

முதலில் பார்த்தது அவள் இல்லை, வீட்டுக்காரர்தான். கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்தவர், கை கழுவப் பின்பக்கம் போய்விட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"யாருக்குடி இன்னைக்குக் குளியல்? சொல்லவே இல்ல?"

"யாருக்கும் இல்லீங்க. பழைய முடியா இருக்கும்."

"பழசா? தண்ணி சொட்டுது. எனக்கு முடி வெட்டணும்னா தெருமுனை வரைக்கும் நடக்கணும். நாய்ங்களுக்கு மட்டும் வீட்டுலயே சலூன். கொடுத்து வச்சதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். அவளும் சிரித்து வைத்தாள். சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் குடித்தாள்.

அந்த அறை, நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் தொழிலுக்காக அவள் ஆசை ஆசையாகக் கட்டியது. தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்து கிடந்த பின்கட்டு அறையைக் காலி செய்து, வழுக்காத தரைக்கல் பதித்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் தொட்டி வைத்து, குனியாமல் குளிப்பாட்டக் கைஷவர் மாட்டி, தண்ணீர் தேங்காமல் ஓடும்படி தரையைச் சரித்துப் போடச் சொல்லிப் பிளம்பரோடு மல்லுக்கு நின்று, ஒரு மாதமாக அதே வேலையாக இருந்தாள். ஈரத்தை ஊதி உலர்த்தும் புளோயர் வந்தது. ஷாம்பு பாட்டில்களுக்கு ஒரு தட்டு வந்தது. கடைசியாக முடி வெட்டும் மேசை வந்தது. அதன் ஓரத்தில் வளைந்து நிற்கும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் நைலான் சுருக்கு. நாயை மேசையில் நிறுத்திக் கழுத்தில் அதைத் தளர்வாக மாட்டிவிட்டால் குதித்து ஓடாது.

சுருக்கு மாட்டியிருக்கும்போது ஒரு கை எப்போதும் நாயின் மேல் இருக்க வேண்டும், துண்டு எடுக்கக்கூட நகரக்கூடாது என்று பயிற்சி கொடுத்த டீச்சரம்மா முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அவளும் மாணவிகளிலேயே பெரிதாகத் தலையாட்டினாள்.

முதல் வாடிக்கை பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் பஞ்சு. நர்ஸம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். வெளிச்சமும் நிறமும் தெரியும், முகம் தெரியாது. பஞ்சுதான் அவரைக் கடைக்கும் பூங்காவுக்கும் கூட்டிப் போய்க் கூட்டி வரும். முழங்கால் உயரம், பெயருக்கேற்ற முடி, குரல் கேட்டாலே வாலை ஆட்டும் சுபாவம்.

அன்று குளிப்பாட்டி முடித்து, பாதி உடம்புக்கு மட்டும் முடி வெட்டினாள். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியது, மறுபக்கம் வெட்டாதது. அப்படியே ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் ஊரே தேடி வரும் என்று அவளுக்கு ஒரு யோசனை. போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. "பஞ்சு, இரு. இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். புளோயர் ஓடிக்கொண்டே இருந்தது. போனை எடுத்ததும் அது அடித்தது. அவளுடைய அக்கா. முதல் வாடிக்கையைப் பற்றி அக்காவிடம் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? ஷாம்புவிலிருந்து ஆரம்பித்துக் கதை அளந்தாள். அக்கா ஏதோ கேலி செய்ய, விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேசையின் ரப்பர் விரிப்பை இன்னும் ஒட்டவில்லை. பசை காய நேரமாகும், இன்று வேலையை முடித்துவிட்டு ஒட்டலாம் என்று சும்மா விரித்திருந்தாள். திரும்பி வந்தபோது விரிப்பு தரையில் கிடந்தது. பஞ்சு மேசைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. புளோயர் காற்றில் அதன் முடி மட்டும் அழகாகப் பறந்தது.

நேராகப் போய் நர்ஸம்மாவின் காலில் விழுந்திருக்க வேண்டும். அவள் அதைச் செய்யவில்லை. புதுத் துண்டில் சுற்றி, சிமெண்ட் சாக்கில் போட்டு, தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் மற்ற மூட்டைகளுக்கு அடியில் தள்ளினாள். பிறகு முன்கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஓடிப் போய் நர்ஸம்மாவின் கதவைத் தட்டினாள். பஞ்சு ஓடிப்போய்விட்டான் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அதைவிடக் கொடுமை, மறுநாள் நர்ஸம்மாவோடு சேர்ந்து தெருத்தெருவாக 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டப் போனதுதான். பசை வாளி அவள் கையில். ஒவ்வொரு கம்பத்திலும் பஞ்சுவின் முகத்தை அவளேதான் தடவித் தடவி ஒட்டினாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலம்மா," என்றார் நர்ஸம்மா. "'இரு'ன்னு சொன்னா அவன் அசைய மாட்டானே. ஒருநாள் கடை வாசல்ல இருன்னு சொல்லிட்டு, மறதியில நான் ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்துட்டேன். மழை கொட்டுது. திரும்பிப் போய்ப் பார்த்தா அங்கேயே நிக்கறான். நான் 'வா'ன்னு சொன்னப்புறம்தான் காலையே எடுத்து வச்சான். நீ இருன்னு சொன்னியா?"

"சொன்னேங்க."

"பின்ன எப்படிப் போனான்?"

"வந்துடுவான் நர்ஸம்மா."

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நர்ஸம்மா கேட்டருகே வந்து பிஸ்கட் டப்பாவைக் குலுக்குவார். கடைசியாக அவன் இருந்த இடம் இதுதான், இங்கேதான் தேடி வருவான் என்பார். அவளும் தினமும் அதையே சொன்னாள். வந்துடுவான், நர்ஸம்மா. வந்துடுவான்.

மூன்றாவது முறை சொல்லிவிட்டு வீட்டுக்குள் திரும்பிய அன்றுதான் ஜாலியில் முதல் முடி.

பிறகு வாசனை வந்தது. நாய் ஷாம்புவின் இனிப்பு நெடிக்கு அடியில் நனைந்த ரோமத்தின் கனத்த வாடை, கதவிடுக்கு வழியே கசிந்து, சமையலறையைத் தாண்டி, படுக்கையறைத் தலையணை உறை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னலைத் திறந்து வைத்தாள், எக்ஸாஸ்ட் ஃபேனை நாளெல்லாம் ஓடவிட்டாள், பினாயில் ஊற்றிக் கழுவினாள், பினாயில் வாடை ஒரு மணி நேரத்தில் ஓடிப்போனது, மற்றது போகவில்லை. தொட்டி காய்ந்திருக்கும், மேசை மட்டும் ஈரமாக இருக்கும். சுருக்கைக் கழற்றி அலமாரியில் போட்டுப் பூட்டினாள். காலையில் அது கம்பியில் தொங்கியது. வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கேட்டால் ஏன் கழற்றினாய் என்பார்.

அப்புறம் அந்தச் சத்தம். அவள் போனில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். பின்கட்டிலிருந்து மெதுவாக, டப், டப், டப். பேச்சை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. "என்னடி, லைன்ல இருக்கியா?" என்றாள் அக்கா. "இருக்கேன்," என்றாள். டப். டப்.

ஈர வால் ஒன்று மரப்பலகையில் அடிபடும் சத்தம். அவள் குரல் கேட்டால் வரும். அவள் பேசாவிட்டால் வராது. கோபமான சத்தமாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அதில் கோபமே இல்லை. அவள் திரும்பி வந்துவிட்டாள் என்ற சந்தோஷம்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதன்பின் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னதற்கு வீட்டுக்காரர், "ஆஹா, வீடு அமைதியா இருக்கு, நாலு நாள் இப்படியே இருக்கட்டும்," என்றார்.

இன்று அவர் பஸ்ஸோடு வெளியூர் போயிருந்தார். பொழுது சாயும்போது தூறல் ஆரம்பித்தது. கேட்டருகே டப்பா குலுங்கியது. நனைந்துகொண்டு நின்ற நர்ஸம்மாவை எத்தனை நேரம்தான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பது? போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். ஹால் சோபாவில் உட்காரவைத்துத் துண்டு கொடுத்தாள்.

"நேத்து ராத்திரி சாப்பிடவே பிடிக்கலம்மா," என்றார் நர்ஸம்மா. "அவன் எங்கேயாவது அடிபட்டுக் கிடக்கறானோ, யாராவது ஒரு வாய் தண்ணி கொடுப்பாங்களோன்னு அதே நினைப்பு. செத்துட்டான்னு தெரிஞ்சாக்கூட அழுது தீர்த்துடுவேன். தெரியாம இருக்கறதுதான் என்னைக் கொல்லுது."

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. சொல்லிவிடலாம். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். தெருவே காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம். அவள் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைத் தொட்டாள்.

"நர்ஸம்மா. பஞ்சு..."

பின்கட்டில், டப்.

நர்ஸம்மா முகம் அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. நம்பிக்கையோடு காத்திருந்தது.

"பஞ்சு வந்துடுவான்," என்றாள்.

டப், டப், டப், டப்.

நர்ஸம்மா எழுந்துவிட்டார். மடியிலிருந்த டப்பாவை சோபாவில் வைத்தார்.

"அது அவன் வால்."

"இல்லீங்க, மழை—"

டப் டப் டப்.

"என் பஞ்சு வாலும்மா அது. எனக்குத் தெரியாதா?" சுவரில் கை வைத்துக்கொண்டு நடந்தார். நடை வேகமானது. "வந்துட்டானா? அழுக்கா வந்தான்னு குளிப்பாட்டி அழகாக்கி எனக்குக் காட்டலாம்னு ஒளிச்சு வச்சியா? கள்ளி! நீ நல்லா இருக்கணும்."

அவள் தடுத்திருக்கலாம். தடுக்க ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. பின்னாலேயே போனாள்.

கதவு திறந்தது.

மேசையில் வெள்ளையாக நின்றது. ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய முடி. மறுபக்கம் தண்ணீர் சொட்டும் முடி. சுருக்கு விறைத்திருந்தது. நான்கு பாதங்களும், மறுபடியும் மேசைமேல் ஏறியிருந்த ரப்பர் விரிப்பைத் தொட்டும் தொடாமலும். தலை ஒரு பக்கமாகத் தோளின் மேல் மடிந்து கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்தன. வால் ஆடியது.

நர்ஸம்மா அதைக் கட்டிக்கொண்டார். முதுகைத் தடவினார். விலாவைத் தடவினார்.

"ஜில்லுனு இருக்கியேடா. இன்னும் காயவே இல்லையேம்மா இவன். பாதிதான் வெட்டியிருக்கே."

அவர் கை கழுத்துக்குப் போனது. அங்கே நின்றது. வார்டு வார்டாக எத்தனையோ உடம்புகளைத் தொட்டுப் பார்த்த கை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கை மெதுவாகக் காதுக்கு ஏறி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே இறங்கியது.

"தலையைத் தொங்கப் போட்டிருக்கான்," என்றார் நர்ஸம்மா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. "கோவம் போல. டப்பாவை அங்கேயே வச்சுட்டேன், எடுத்துட்டு வரேன். நீ கூடவே இரு. தனியா விட்டுட்டு எங்கேயும் போயிடாதே."

சுவரைத் தடவிக்கொண்டு அவர் போனார்.

அவள் மேசையருகே போனாள். தலை தொங்கக்கூடாது. அவர் திரும்பி வந்து மறுபடியும் தொடும்போது தொங்கக்கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் அந்தத் தாடைக்கு அடியில் கொடுத்து மெல்லத் தூக்கினாள். உள்ளே ஏதோ நொறுங்கின சத்தம். பாரம். கையை எடுத்தால் சாய்ந்துவிடும். நேராக வைத்துப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த நாக்கு அவள் மணிக்கட்டை ஒருமுறை நக்கியது.

டப். டப்.

ஹாலில் டப்பா குலுங்கியது.

"பஞ்சு!" என்றார் நர்ஸம்மா அங்கிருந்தே. "போதும்டா கண்ணா, இருந்தது. வா!"

வால் நின்றது.

கைகளுக்குள் அந்த உடம்பு இறுகியது. காதுகள் நிமிர்ந்தன. பின்கால்கள் மடிந்தன, குதிப்பதற்கு. சுருக்கை அவிழ்க்க ஒரு கை வேண்டும். ஒரு கையை எடுத்தால் தலை தொங்கிவிடும்.

"வாடா!"

ஒட்டாத விரிப்பு நகர ஆரம்பித்தது. அவள் கையை எடுக்கவில்லை. தலையை நேராகப் பிடித்துக்கொண்டே நின்றாள்.