வெட்டிய இடத்தில் முளைத்தது

எல்லாக் கன்றுகளின் இலையிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் ஒரு தழும்பு இருந்தது. வாழைக் குருத்தை நறுக்கிப் பாட்டில்களில் வளர்க்கும் அந்தக் கூடத்தில் கன்றுகள் அச்சு அசலாக இருப்பதில் அதிசயமில்லை. ஒரே செடிதானே அத்தனையும். ஆனால் வெட்டுக்காயம் வழிவழியாக வராது. ஸ்பிரிட் வாடையும் கன்றுகளுக்கு உணவாகப் பாட்டிலில் ஊற்றும் கூழின் இனிப்பு வாடையும் தொண்டையில் கட்டிக்கொள்ள, அவள் தன் இடது ஆட்காட்டி விரலைப் பார்த்தாள். அதே சாய்வு.

போன மாதம் கத்தி வழுக்கி அந்த விரலை வெட்ட, ஒரு சொட்டு ரத்தம் பாட்டிலுக்குள் விழுந்தது. கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகள் அழுதுகொண்டிருப்பாளே என்ற நினைப்பில், மூடியைப் போட்டு அடுக்கில் வைத்துவிட்டாள். இந்தக் கன்றுகளெல்லாம் அந்தப் பாட்டிலிலிருந்து பிரித்தவை. "என்னை மாதிரி இன்னொருத்தி இருந்தா தேவல" என்று முனகியதுகூட ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்துதான் இந்த அசதி. தூங்கி எழுந்தாலும் தீரவில்லை. சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

"என்னம்மா, துவண்டு போயிருக்க?" என்றார் சூப்பர்வைசர்.

"உடம்பே என்னோடது இல்லாத மாதிரி இருக்கு சார்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மூலையில் வதங்கிக் கிடந்த செடியைக் காட்டினார். "தாய்ச் செடியா அது? கன்னெல்லாம் தேறிடுச்சுல்ல, இனி எதுக்கு? எடுத்துப் போட்டுடு."

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்து விழித்தாள். "இப்பத்தானே வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போன? அதுக்குள்ள மறந்துட்டியா?"

தன் வீட்டுக்குத் திரும்பினாள். கதவுக்கடியில் வெளிச்சம். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம், துணி பிழியும் சத்தம், மகளுக்குக் கதை சொல்லும் குரல். எல்லாம் ஒரே நேரத்தில். அந்தக் குரல் அவளுடையது. கதவிடுக்கில் கூழின் இனிப்பு வாடை.

தள்ளினாள். திறந்தது.

அடுப்படியில் ஒருத்தி. ஈரத்துணியோடு ஒருத்தி. தரையில் ஒருத்தி, மடியில் மகள். மூவர் விரலிலும் அந்தத் தழும்பு. அவள் முகம்தான். களைப்பு மட்டும் இல்லை.

மகளை நோக்கிக் கையை நீட்டினாள். கை பாதியிலேயே தொங்கியது.

மகள் அந்த மடியில் இன்னும் ஒண்டிக்கொண்டாள். "அம்மா, வாசல்ல யாரோ நிக்கறாங்க."

"அது ஒண்ணுமில்ல கண்ணு. எடுத்துப் போட்டுடறோம்."

மற்ற இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.