பீங்கானில் ஒரு பெயர்

ஞாயிறு பூசை முடிந்து வந்து கோட்டைக் கழற்றும்போது, சுவர் ஆணியில் தொங்கிய புகைக்குழாயில் ஆல்பானின் புறங்கை பட்டது. புகையிலை திணிக்கும் அதன் பீங்கான் கிண்ணம் சுட்டது. வீட்டில் காலையிலிருந்து யாரும் இல்லை. கணப்புகூட இன்னும் மூட்டவில்லை.

குழாய் வின்சென்ஸுடையது. ஆல்பானின் மனைவி கிரெசென்ஸின் முதல் புருஷன். பட்டாளத்தில் இரண்டு வருடம் முடித்து ஊர் திரும்புகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கிவருகிற குழாய்தான். பின்பக்கம் கூட இருந்த சிப்பாய்களின் பெயர் வரிசை, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் சொந்தக்காரன் பெயர். முன்பக்கம் கைத்தடியோடு வீடு திரும்பும் சிப்பாய், வாசலில் இரு கைகளையும் நீட்டி நிற்கும் பெண். எல்லாக் குழாயிலும் அதே பெண்தான். ஆல்பானுக்கு மட்டும் அவள் கிரெசென்ஸ். வின்சென்ஸ் மரம் விழுந்து செத்து நாலு வருடமாகியும் அந்தப் படத்துச் சிப்பாய் அவளை நோக்கி நடந்துகொண்டே இருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை.

நீ புகைத்தாயா என்று மனைவியிடம் கேட்டான். அவள் மாவைத் திரட்டியபடியே சிரித்தாள்.

"செத்தவர்கூடயுமா போட்டி? அவர் பேரை அழிச்சாத்தான் தூக்கம் வரும்னா அழிச்சிட்டு வாங்க."

கேலியாகத்தான் சொன்னாள். அவன் மறுநாளே பீங்கானில் ஓவியம் வரையும் எகிடிடம் போய் நின்றான். எகிட் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டாளத்துல உன்னை ஒரு கால் குட்டைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த வரிசையில உன் பேரை எழுதினா, அவன் பேரு எங்கடா போகும்?"

"எங்கயாவது போகட்டும்."

புதன்கிழமை மத்தியானம் குழாய் வந்தது. ஆல்பான் என்று பொன்னெழுத்தில் மின்னியது. புகையிலையைத் திணித்துப் பற்றவைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். அடுப்பறையில் வெங்காயம் வதங்கும் வாசனை, கூரையிலிருந்து பனி பொத்தென்று சரியும் சத்தம், அதற்கும் அப்பால் சாலையில் ஒரு கைத்தடி தட்டித் தட்டி வரும் சத்தம். நிதானமாக வந்தது. அவன் கிண்ணத்தைப் பார்த்தான்.

பெண் இருந்தாள். சாலை இருந்தது. சிப்பாய் இல்லை.

தடிச்சத்தம் முற்றத்தில் கேட்டது. எழப் பார்த்தான். முடியவில்லை. பாதம் சில்லிட்டது. பிறகு முழங்கால். வழவழவென்று. கிரெசென்ஸ் கையைத் துடைத்தபடி அவனைக் கடந்து போனாள். பார்க்கவே இல்லை. கதவு திறந்தது.

"வாங்க ஆல்பான். ஏன் இவ்வளவு நேரம்?"

நான் இங்கே இருக்கிறேன் என்று கத்தினான். வாய் திறக்கவில்லை.

இப்போது அவன் கையில் தடி இருந்தது, காலடியில் பீங்கானில் வரைந்த சாலை. இரண்டு கால்களும் ஒரே நீளம். எதிரே வாசலில் பெண், கைகளை நீட்டியபடி. இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறான். கிரெசென்ஸ் இல்லை. யாருமே இல்லை. இரண்டு கறுப்புப் புள்ளிகள், ஒரு சிவப்புக் கோடு.

நாற்காலி கிறீச்சிட்டது. கிரெசென்ஸ் எதற்கோ சிரித்தாள். தலைக்கு மேலே யாரோ தீக்குச்சி உரசினார்கள்.

முதுகுப்பக்கம் பீங்கான் சுட ஆரம்பித்தது.