துணிக்குக் காவல்

மூட்டையை எடுத்து மடியில் வைத்த மறு நிமிஷம் ஹார்ட் டிஸ்க் வாயை மூடிக்கொண்டது.

மூன்று நாளாக மூடாத வாய். ஐந்தருவி சாலையில் அந்த சீசன் பங்களாவின் மாடியறையில், பீரோ அளவு கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள், ஆயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து பாக்கு வெட்டுவதுபோல் ஒரு கடகடப்பு ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கூரைமேல் குரங்குகள்கூட அந்தத் தாளத்துக்குத்தான் பேன் பார்த்தன. அது நின்றதும், அதற்குப் பின்னால் இத்தனை நேரம் ஒளிந்திருந்த அருவியின் இரைச்சல், பாசி நாற்றத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக ஏறி வந்து அறைக்குள் உட்கார்ந்தது.

வல்லிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பத்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான், ஆனால் ஆடிச் சாரலில் வெளியே விளக்கு வைக்கிற நேரம்போல் இருட்டிக் கிடந்தது.

குற்றாலத்துக் குளிர் இருக்க ஏ.சி. எதற்கு என்று 1986-இல் அந்த மெஷினை லாரியேற்றிக் கொண்டுவந்தவர் மேனேஜர் ராமசேஷன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடு உயிரான கெர்னலில், ஃபைல்களை டிஸ்க்கில் எழுதிக் காக்கும் பகுதி வல்லிநாயகத்தின் கைவேலை. லட்சம் ஃபைலை உண்டாக்கு, எழுது, அழி, மறுபடி உண்டாக்கு. இந்தச் சோதனை திங்கள் காலை டெல்லிக்காரர்கள் பார்வையிட வரும்வரை நிற்காமல் ஓடவேண்டும். "ஓடறதப் பாத்துட்டு எழுந்துக்கோ. நின்னுடுத்துன்னா எழுந்துக்கப்படாது" என்று சொல்லிவிட்டு மேனேஜர் நேற்றே மதுரைக்குப் போய்விட்டார்.

அவனுக்கோ எழுந்தே ஆகவேண்டும். தென்காசி ஆஸ்பத்திரியில் விஜயம் தலைப்பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். இன்றைக்குள் ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "நாலு மணி பஸ்ஸுக்கு வந்துருதேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"நீங்க வருவிய. உங்க மெஷினு விடணும்லா" என்று அவள் சிரித்தாள்.

ஸ்கிரீனில் பச்சை எழுத்துகள். ஓடுகிற வேலைகளின் பட்டியலை வரவழைத்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண். எல்லாம் கடைசி எண்ணான 317-க்குப் பின்னால் ரேஷன் கடை வாசல்போல் வரிசை கட்டி நின்றன, 317 தூங்கியது. ஒரு ஃபைலின் பூட்டு திறக்கட்டும் என்று காத்துக்கொண்டே தூங்கியது. பூட்டியது யார்? 316. பட்டியலில் மேலும் கீழும் தேடினான். 315 இருந்தது. 317 இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. பூட்டிவிட்டுச் சாவியோடு போயே போய்விட்டது.

அவனும் ஹார்டுவேர் ஆள் ஆதமும் இந்த நோய்க்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். துணிக்காவல். அருவிக்குள் போகிறவன் காய்ந்த துணியைச் சுருட்டிக் கரையில் இருப்பவன் மடியில் வைப்பான். திரும்பி வந்து தன் கையால் வாங்கும்வரை காவல்காரன் எழக்கூடாது. சட்டமில்லை, சட்டத்துக்கு அப்பன். மழை கொட்டினாலும், மாமனார் கூப்பிட்டாலும், குரங்கு வந்து கன்னத்தில் அறைந்தாலும் அசையமாட்டான்.

317-உம் அசையவில்லை. கொல்லும் கட்டளையை அனுப்பினான். இப்படித் தூங்குகிறவனுக்கு மரண ஓலைகூட எட்டாது, விழித்தால்தானே வாசிப்பான்? ஏழு தடவை அனுப்பினான். ஏழு ஓலையும் தலைமாட்டில் கிடக்க, 317 தூங்கியது.

மடியில் மூட்டை கதகதவென்றிருந்தது.

பக்கத்து ஸ்டூலில் கிடந்த மூட்டை அது. வேட்டி, சட்டை, சுற்றி ஒரு ஈரிழைத் துண்டு. கூரை ஒழுகி அதன்மேல் சொட்டியது. பாவம், குளித்துவிட்டு வருகிறவனுக்குக் காய்ந்த துணி வேண்டுமே என்று எடுத்து வைத்துக்கொண்டான். ஆதமுடையதாகத்தான் இருக்கும். அவன் ஒரு மணிக்கே அருவிப் பக்கம் போனான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அருவிக்கும் ஐராவதத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்.

ஒரு மணிக்குக் கழற்றிய துணி. மூன்றரை ஆகிறது. இன்னுமா சூடு?

வேறு வழியில்லாமல், பிழை பிடிக்கிற டீபக்கரைத் திறந்தான். கெர்னலின் நினைவுக்குள் நேரே கையை விட்டு, பூட்டு இருந்த இடத்தில் சுழியம் எழுதினான். கடக். ஒரே ஒரு பாக்கு வெட்டுப்பட்டது. நின்றது. மறுபடி பார்த்தான். பூட்டியிருந்தது. பூட்டியவர் 316.

மறுபடி சுழியம். கடக். 316.

படிக்கட்டில் ஏதோ சொட்டியது. கூரை ஒழுகல் இல்லை. ஒழுகல் ஒரே இடத்தில் சொட்டும். இது ஒவ்வொரு படியாகச் சொட்டியது. நல்லெண்ணெய் வாசனை. கூடவே அரப்புத்தூள் வாசனை.

மறுபடி சுழியம். விரலை எடுக்குமுன்பே 316.

யாரோ இருக்கிறார்கள். இல்லாமல், இருக்கிறார்கள்.

கீழே கார் ஹாரன் அலறியது. தடதடவென்று செருப்புச் சத்தம். அறை வாசலில் ஆதம்; தலைமுதல் கால்வரை காய்ந்த உடுப்பு, கையில் குடை.

"ஏலே வல்லி! உன் மச்சான் குத்தாலிங்கம் காரோட வந்து நிக்கான். ஒம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துட்டாம்ல. ஒன்னயத்தான் கேக்காளாம். எந்தி!"

எழுந்தான். எழுந்ததாக நினைத்தான். நாற்காலியில்தான் இருந்தான்.

"என்னல முழிக்க? பிள்ளை பொறந்து பள்ளிக்கூடம் போறவரைக்கும் இருப்பியோ? எவன் துணில அது மடியில?"

உன்னுது இல்லையா என்று கேட்க வாயைத் திறந்தான். வாய் திறக்கவில்லை.

"இன்னிக்கு எவம்ல குளிச்சான்? காலையில இருந்து வெள்ளம். போலீஸ்காரன் விசில் ஊதி ஊதி அவன் தொண்டையே வத்திப்போச்சு. ஒரு குருவியக்கூட உள்ள விடல."

ஆதம் தோளைப் பிடித்து உலுக்கினான். கன்னத்தில் தட்டினான். எல்லாம் தெரிந்தது. தூரத்தில், யாருக்கோ நடப்பதுபோல் தெரிந்தது. விஜயம் கேட்கிறாள். கால் எங்கே? கை எங்கே? கை மூட்டைமேல் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தது.

"விடுல!" ஆதம் இரண்டு கையாலும் மூட்டையைப் பற்றி இழுத்தான்.

தொடாதே.

சத்தம் வரவில்லை. தொட்டுவிட்டான்.

ஆதமின் முகத்திலிருந்த அவசரம் துடைத்து எடுத்ததுபோல் போயிற்று. கையை எடுத்தான். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பி, யாரோ கூப்பிட்டதற்குச் சரி என்பதுபோல் தலையாட்டினான். சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கைக்கடிகாரத்தைக் கழற்றினான். கடைசியில் கண்ணாடியை. எல்லாவற்றையும் அழகாக மடித்துச் சுருட்டி, பழைய மூட்டைமேல் வைத்தான்.

"துணியப் பாத்துக்க, வல்லி. இந்தா வந்துருதேன்."

வெறுங்கால் படியில் இறங்கியது. அதன் பக்கத்திலேயே இன்னொரு கால். சளக். சளக். பின்வாசல் கதவு திறந்தது. அருவி இரைச்சல் ஒரு கணம் பெரிதானது.

ஸ்கிரீனில் பட்டியலின் அடியில் ஒரு புது வரி தானாக ஏறியது. 318. தூங்குகிறது.

முன்வாசலில் குத்தாலிங்கம் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். வல்லிநாயகத்தின் மடியில் இரண்டு மூட்டை. இரண்டும் சூடாக. மேலே ஆதமின் கண்ணாடி, அவனையே பார்த்துக்கொண்டு, உள்பக்கமிருந்து மெல்ல மெல்ல நனைந்தது.