யாவோராவின் கற்பாலம்

ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன், செக் மக்களின் பொஹீமிய நாட்டில், இலைகள் பொன்னிறமாய் உதிரும் ஒரு மாலைப்பொழுதில், வாசகர்களே, தூபோவ் என்னும் சிற்றூரின் ஏரிக்கரைக்கு நாம் செல்வோம். செர்னா நதி குன்றை வளைத்தோடும் இடத்தில் அவ்வூர் அமைந்திருந்தது. சதுக்கத்தைச் சுற்றி அகன்ற வாயில்கள் கொண்ட மது காய்ச்சும் வீடுகள். நடுவே ஊசிமுனைத் தேவாலயக் கோபுரம். குன்றின் உச்சியில் கோட்டை. மூன்று புறமும் நதியே அரண். நான்காம் புறமான மேற்கில், கோட்டைத் தலைவர் போஹுஷ் பிரபுவின் பாட்டனார் அணை கட்டி எழுப்பிய பேரேரி. அதற்கப்பால் இரண்டு காதத்தில், நாட்டின்மேல் படையெடுத்து வந்த சுவீடன் நாட்டுச் சுவீடியப் படை பாசறை இறங்கியிருந்தது. ஏரியில் நீர் உள்ளவரை தூபோவுக்கு அச்சமில்லை.

ஆனால் ஆண்டுதோறும் புனித ஹாவெல் திருநாளுக்குப் பத்து நாள் முன்பு, குடும்பத் தலைவர் தம் கையால் மதகைத் திறந்து, ஏரியை வடித்து, கெண்டை மீன்களை ஊருக்குப் பகிர்ந்தளிப்பது அக்குடும்பத்தின் வழக்கம்.

"இவ்வாண்டு வேண்டாம், தந்தையே," என்றாள் மகள் எலிஷ்கா. "மீன் அடுத்த ஆண்டும் இருக்கும். ஊர் இருக்க வேண்டுமல்லவா?"

பிரபு பக்கத்தில் நின்ற இளைஞனைப் பார்த்தார். அரசரின் திருமுகக் கடிதத்தோடு மூன்று மாதங்களுக்கு முன் உதவிக்கு வந்த குதிரைப்படைத் தலைவன் வீத். எலிஷ்காவின் விரலில் மின்னிய நிச்சய மோதிரம் அவன் அணிவித்தது.

"தங்கள் சித்தம், பிரபுவே," என்றான் வீத். "மதுக்கடையில்தான் சிரிக்கிறார்கள். பாட்டனார் கெண்டை தந்தார், பேரன் தவளை தருவார் என்று."

"எவன் சொன்னான்?"

"பெயரைச் சொன்னால் தாங்கள் சாட்டையை எடுப்பீர்கள். விடுங்கள். நீர் வடிந்தாலும் அந்தச் சேற்றில் எவனால் நடக்க முடியும்? ஆனாலும் அஞ்சுவோர் அஞ்சட்டும்."

போஹுஷ் பிரபுவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. மதுக்கடைச் சிரிப்பு அவருக்குச் சுவீடியரின் பீரங்கியைவிட உரக்கக் கேட்டது. கழுத்தில் தொங்கிய மதகின் சாவியை அவரே கழற்றினார்.

பத்தாம் நாள் மாலை நிலவு எழுந்தபோது ஏரி வடிந்து கிடந்தது. வழக்கம்போல் அணையடிப் பள்ளத்தில் மட்டும் இறங்கி மீன் அள்ளியவர்கள் கூடைகளோடு ஊர் திரும்பிவிட்டனர். நடுச்சேற்றில் யாரோ மண்டியிட்டிருப்பதைக் கண்டு பிரபு கரையிலிருந்து இறங்கினார். அவர் பாதம் புதையவில்லை. சேற்றுக்கு அடியில் கல் இருந்தது. பத்தடி அகலத்தில், மேற்குக் கரைவரை நீண்ட பழைய கற்பாலம்.

அவர் அதன்மேல் நடந்து சென்றார். பாலத்தின் நடுவே, ஓரத்தில், வீத் ஒரு கல்லறைப் பலகையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் குதிரை பின்னால் நின்றது.

"இது என்ன இடம்?" என்றார் பிரபு.

"யாவோரா. நாற்பது வீடுகள் இருந்த கிராமம். இங்கே ஒருவரும் குடியில்லை என்று தங்கள் பாட்டனார் அரசருக்கு எழுதிவிட்டுத் தண்ணீரைத் திறந்தார். இந்தப் பலகையில் பெயர் உள்ளவர் என் முப்பாட்டனார். பாலம் இருக்குமிடத்தை எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள், பிரபுவே."

"அரசரின் திருமுகம்?"

"சுவீடியர் முகாமில் எழுதியது. மதுக்கடையில் எவனும் சிரிக்கவில்லை. ஊரார் தங்களை மதிக்கிறார்கள்."

பிரபுவின் கை வாளுக்குப் போவதற்குள் வீத் சேணத்தில் ஏறி மேற்கே பாய்ந்துவிட்டான். மேற்குக் கரையில் தீவட்டிகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஏரி மீண்டும் நிறைய வசந்தம் வரவேண்டும். சுவீடியர் பாலம் வழியே வர அரை நாழிகை போதும்.

பின்னால் காலடி ஓசை. எலிஷ்கா நின்றாள். அவள் விரலில் மோதிரம் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"இங்கே வருமுன் கோட்டையில் வீத் கூறினார். உடன் வா என்று அழைத்தார். மறுத்துவிட்டு ஓடிவந்தேன்."

"நம் குலத்தின் மானத்துக்காக அல்லவா, மகளே?"

"இல்லை. ஊரில் குழந்தைகள் இருக்கிறார்கள். மணியடித்து நதிப்புற வாயிலைத் திறக்கச் சொல்லப் போகிறேன். ஊரார் ஆற்றைக் கடக்க அரை நாழிகை போதாது."

"ஒரு நாழிகை தருகிறேன்," என்றார் போஹுஷ் பிரபு. "நான் நிற்கும்வரை இந்தப் பாலத்தை ஒருவனும் கடக்கமாட்டான். இது என் ஆணை."

அவள் போனாள். அவர் வாளை உருவிக்கொண்டு, தம் பாட்டனார் மூழ்கடித்த கற்களின் மேல், மேற்கு நோக்கி நின்றார். காலடியில் பலகையின் எழுத்துகள் நிலவில் தெளிவாகத் தெரிந்தன. கோபுர மணி ஒலிக்கும்வரை, ஒருவரும் குடியில்லை என்று மறைக்கப்பட்ட ஊராரின் அப்பெயரை அவர் படித்துக்கொண்டே இருந்தார்.