உறங்க வைத்த அணுக்கள்

"வேலை போனா போகட்டும் சார். என் கை சுத்தமில்லைன்னு சொல்றாங்களே, அதான் தாங்கல" என்று ஆராய்ச்சிக்காரி துப்பறிவாளர் முன் உடைந்தாள். அவரை நண்பர்கள் 'நிதானம்' என்பார்கள், உதவியாளனை 'அவசரம்' என்பார்கள். இரண்டுமே பொருத்தம்தான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று மனித ரத்த வெள்ளை அணுவின் கருவுக்குள் புகுந்து, வீட்டுக்காரனையே வேலை வாங்கித் தன் கூட்டத்தைப் பெருக்கும். கடைசியில் அணு ஊதி வெடிக்கும். ஆனால் உறங்கும் அணுவிடம் அதன் பருப்பு வேகாது என்பது அவள் கட்சி. இரண்டு குப்பிகளில் உறங்கும் அணுக்களை வைத்து வைரஸை விட்டாள். ஒன்றில் மட்டும் அணுக்களை எழுப்பும் மருந்து. இப்போது மருந்தில்லாத குப்பியிலும் வைரஸ் கொழித்துக் கிடக்கிறது! அவளே கவனமில்லாமல் மருந்தைக் கலந்துவிட்டாள் என்கிறார்கள்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அக்காதான் குப்பிகளைப் பாத்துக்கிட்டாங்க."

கூடப் பிறக்காத அக்கா, பக்கத்து மேசை. ஆய்வகத்தில் காலியான ஒரே நிரந்தர இடத்துக்கு இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள்.

ஆய்வகத்துக்குப் போனதும் அவசரம் ஆய்வகத் தலைவரையே சந்தேகமாக முறைத்தான். நிதானம் அணுக்கள் வளரும் சிவப்பு ஊட்டநீரைக் காட்டினார். "இது நிறம் மாறுமா?"

"அணு விழிச்சுப் பெருகினா கழிவு சேர்ந்து மஞ்சளாகும். தூங்கினா சிவப்புதான்" என்றார் தலைவர்.

நிதானம் அக்காவிடம் திரும்பினார். "நீங்க என்னம்மா செஞ்சீங்க?"

"வழக்கமான வேலைதான்" என்றாள் அக்கா. "ரெண்டு குப்பியும் மஞ்சளாச்சு. ஊட்டநீரை மாத்தினேன்."

"தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

தலைவர் முந்திக்கொண்டார். "இல்லையே!"

"தூங்கற குப்பி மஞ்சளானா இங்க யாரா இருந்தாலும் அலறியிருப்பாங்க. கிருமி விழுந்திருக்கும்னாவது பயந்திருப்பாங்க. நீங்க சாதாரணமா மாத்தியிருக்கீங்க. மஞ்சளாகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். மருந்தை ஊத்தினது நீங்கதான்" என்றார் நிதானம்.

அக்கா வெடித்தாள். "இருக்கிறது ஒரே இடம். நான் எத்தனை வருஷமா காத்திருக்கேன்!"

ஆராய்ச்சிக்காரி அக்காவின் கையையே பார்த்தாள். சோறு பகிர்ந்த கையா இதைச் செய்தது?

"'நீ அம்மா பக்கத்துல இரு, நான் பாத்துக்கறேன்'னு அனுப்பினீங்களே அக்கா. அது அம்மாவுக்காகவா, இதுக்காகவா?"



"முதல்ல அம்மாவுக்காகத்தான்" என்றாள் அக்கா.

முழுப் பொய் என்றிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆராய்ச்சிக்காரி அதற்கும் வழியில்லாமல் நின்றாள்.