நாய் கடிக்காது, நக்கும்

மூன்று மணிக்கு வைவா ஒரு திருடனைப் பிடித்தாள். ஐந்து மணிக்கு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

திருடன் இருந்தது அப்பாவின் கைபேசிக்குள். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். மீதி நேரத்தில் 'காளான் கூடை' என்ற இணையக் குழுவுக்குக் காவலர். வாரேனா என்ற ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் காளான் பறிக்கும் ஆயிரத்து முந்நூறு பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

செப்டம்பர் பிறந்ததும் காளான்களோடு போலிக் கணக்குகளும் முளைத்தன. "மலிவு விலையில் கறுப்புக் கண்ணாடி!" "உங்களுக்குக் கார் பரிசு!" அவை கொடுக்கும் இணைப்பைத் தொட்டால் போச்சு, கைபேசியில் இருப்பதையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விடும்.

அதனால் குழுவில் ஒரு விதி வைத்திருந்தார்கள். சந்தேகமான கணக்கின் மேல் யார் வேண்டுமானாலும் ஒரு சிவப்புக் கொடி குத்தலாம். மூன்று கொடி விழுந்தால் அந்தக் கணக்கின் வாயை அடைத்துவிடுவார்கள். பிறகு அதனால் காவலருக்கு மட்டும்தான் எழுத முடியும். மாலை ஆறு மணிக்குக் காவலர் அதை ஒரேயடியாக மூடிவிடுவார்.

"அப்பா, ஒண்ணு மாட்டிக்கிச்சு!" என்று வைவா கத்தினாள்.

அடைக்குப் போட உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்த அப்பா, "என் கை ஈரம். நீயே படி," என்றார்.

"பேரு யோரே4471. படம் இல்ல. நேத்துதான் சேந்திருக்கு. ஒரே விஷயத்த ஒம்பது இடத்துல போட்டிருக்கு. 'எங்க வீட்டுக்குப் பின்னாடி காளான் நிறைய இருக்கு. யாராவது வாங்க. வழி இதோ.' கீழ ஒரு லிங்க்."

துருவுவது நின்றது. "வழியா? காளான் இருக்கிற இடத்துக்கா?"

"ஆமாப்பா."

"குத்து கொடிய!"

வைவா குத்தினாள். அந்த ஊர்ப் பக்கத்தில் சோறு கேட்டால் கொடுப்பார்கள், படுக்க இடம் கேட்டால் கொடுப்பார்கள். காளான் கிடைத்த இடத்தை மட்டும் வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். பக்கத்து வீட்டு ஸ்டாசிஸ் மாமா ஒருமுறை சொந்தத் தம்பிக்கே தப்பான வழியைக் காட்டினார். பாவம், அந்தத் தம்பி அரை நாள் சேற்றில் சுற்றிவிட்டு, கூடையில் ஒரு தவளையோடு திரும்பி வந்தார்.

இரண்டாவது கொடி ஸ்டாசிஸ் மாமாவுடையது. கூடவே எழுதியிருந்தார்: "நான் என் வீட்டுக்காரிகிட்டயே சொன்னதில்ல. இவன் ஊருக்கே சொல்றானாம்! போலின்னு நெத்தியிலயே எழுதியிருக்கு."

அடுத்த நிமிடமே மூன்றாவது கொடியும் விழுந்தது.

ஐந்து மணிக்கு வைவா அடையைப் புளித்த பாலேட்டில் தோய்த்துத் தின்றபடி, தான் பிடித்த திருடனின் ஒன்பது பதிவுகளையும் பெருமையாக இன்னொரு தடவை படித்தாள்.

மெல்லுவது மெதுவானது.

ஒன்பதும் ஒரே மாதிரி இல்லை! ஐந்தாவதில் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "காலைல முடியாட்டி சாயங்காலமும் வரலாம்." எட்டாவதில் இன்னொரு வரி: "பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க, சேறா இருக்கு." ஒன்பதாவதில்: "எங்க நாய் கடிக்காது. நக்கும்."

"அப்பா, இதக் கேளுங்க. 'எங்க நாய் கடிக்காது. நக்கும்.'"

"நக்கட்டும். மூணு கொடி விழுந்தாச்சு. விதின்னா விதிதான்."

"மெஷினா இருந்தா, யாரும் வரலையேன்னு அதுக்குக் கவலை வருமா? நாய்க்குப் பயந்துதான் வரலையோன்னு யோசிக்குமா?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கிப் பார்த்தார். ஒன்பதையும் மேலும் கீழும் தள்ளிப் படித்தார்.

"ஒரே ஒரு கேள்வி கேக்குறேம்பா. லிங்க்கத் தொடவே மாட்டேன்."

"ம். கேளு."

வைவா முதலில் கறுப்புக் கண்ணாடி விற்கும் கணக்கிடம் கேட்டுப் பார்த்தாள்: "உங்க நாய் பேரு என்ன? இப்ப அது என்ன பண்ணுது?"

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. "அன்பு நண்பர் உங்க நாய் அவர்களே! உங்களுக்கு இன்று மட்டும் எழுபது சதவீதத் தள்ளுபடி!"

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதே கேள்வியை அவள் யோரே4471க்கும் அனுப்பினாள். பதில் இல்லை. ஐந்தரை ஆனது. ஐந்தே முக்கால் ஆனது. வைவா இன்னொரு அடையைக்கூடத் தொடவில்லை. உண்மையான ஒருவரின் வாயை அடைத்துவிட்டோமோ? முதல் கொடி அவளுடையதாயிற்றே!

ஆறு அடிக்க மூன்று நிமிடம் இருந்தது. 'கணக்கை மூடு' என்ற பொத்தானுக்கு மேலே அப்பாவின் விரல் நின்றது.

'டிங்' என்றது கைபேசி.

"பேரு ஸ்புர்கா. இப்ப என் சாக்ஸத் தின்னுது. இது ரெண்டாவது சாக்ஸ். நீங்க வர்றீங்களா? நாங்க போன மாசம்தான் நார்வேலருந்து ஊருக்குத் திரும்பி வந்தோம். நம்ம பாஷை எனக்கு மெதுவாதான் எழுத வரும். எங்க வீட்டுக்கு இன்னும் யாருமே வந்ததில்ல. இங்க எல்லாருக்கும் காளான்னா உசுருன்னு அம்மா சொன்னாங்க. அதான் கூப்பிட்டேன். நான் ஒம்பது வயசுப் பொண்ணு."

"ஸ்புர்கான்னா பணியாரமாச்சே! நாய்க்குப் போய் அந்தப் பேரா!" என்று வைவா சிரித்தாள். உடனே அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

அப்பா விரலை எடுத்தார். முதல் வேலையாக ஒன்பது பதிவுகளையும் அழித்தார். "சின்னப் பொண்ணு வீட்டு வழிய ஆயிரம் பேருக்குக் காட்டலாமா?" என்று முணுமுணுத்தார். பிறகு யோரேக்கு எழுதினார்: "அம்மா வந்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல்லும்மா."

ஏழு மணிக்கு யோரேயின் அம்மா பேசினார். "ஐயோ, இவ இப்படிப் பண்ணியிருக்கான்னே எனக்குத் தெரியாதுங்க!" என்று பதறினார். 'உங்க நாய் அவர்களே' கதையைக் கேட்டதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழம வாங்க. எல்லாரும் வாங்க," என்றார்.

அன்றே வைவா குழுவில் எழுதினாள்: "அது போலி இல்லை. ஒரு சின்னப் பெண். இடத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. முதல் கொடி குத்தியது நான்தான்."

யோரே மேல் விழுந்த மூன்று கொடிகளையும் அப்பா எடுத்துவிட்டார். பிறகு ஒரு வரி வந்தது. "ரெண்டாவது நான்," என்று எழுதியிருந்தார் ஸ்டாசிஸ் மாமா.

அதற்குப் பிறகு, கொடி குத்துவதற்கு முன்னால் கேள்வி ஒன்று கேட்பது குழுவில் வழக்கமானது. புதிதாகச் சேருகிறவர்களிடமும் வாசலிலேயே கேட்டார்கள்: உங்கள் கூடையில் இப்போது என்ன இருக்கிறது? "இலையும் ஒரு நத்தையும்," என்றார் ஒருவர். "என் கூடையில் பூனை தூங்குது," என்றார் இன்னொருவர். கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் வாசலைத் தாண்ட முடியாமல் திணறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யோரே வீட்டு வாசலில் ஸ்புர்கா ஓடி வந்து ஸ்டாசிஸ் மாமாவின் மூக்குக் கண்ணாடியை நன்றாக நக்கியது.

"குழுவுல எழுதியிருந்தபடியேதான் பண்ணுது," என்றார் அவர்.

வீட்டுக்குப் பின்னால், பைன் மரங்களுக்கு அடியில், பழுப்புத் தொப்பி போட்ட காளான்கள் கும்பல் கும்பலாக நின்றன. வைவாவும் யோரேயும் பறித்தார்கள். ஸ்டாசிஸ் மாமா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, நல்லதை மட்டும் கூடையில் போட்டார்.

கிளம்பும்போது மாமா தயங்கி நின்றார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து யோரேயின் காதில் ஏதோ சொன்னார். ஓடையைக் கையால் காட்டினார், அப்புறம் இடது பக்கம், அப்புறம் ஒரு வளைவு.

அப்பாவின் வாய் பிளந்துவிட்டது. "மாமா! எங்களுக்கு?" என்றாள் வைவா.

"உனக்கா? போடி!" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார்.

மறுநாள் காலை பேருந்தில் யோரே வைவாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வைவா அவள் காதருகே போய், "மாமா சொன்னாரே, அது எந்த இடம்?" என்று கேட்டாள்.

யோரே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எந்த மாமா?" என்றாள்.

பேருந்தின் கண்ணாடியில் அப்பாவின் முகம் சிரித்தது. "சரிதான், நம்ம ஊர்ப் பொண்ணு ஆயிட்டா!"